மூன்றாம் மாடியின் இரண்டு கரண்டிகள்

ஜனவரி 18

அன்புள்ள நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான்தான். அங்கே நீயும் உன் மகனும் மருமகளும் பேரனும் சுகமா? குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா, இல்லை இங்கே மாதிரியே அலட்சியமா?

போனில் சொல்வதற்கு எதற்கு அண்ணி தபால் என்பாய். நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் உன்னைக் கேட்டால் அடுப்படியிலிருந்து உன் மருமகள் பதில் சொல்கிறாள். நமக்குள் பேசுவது நமக்குள் இருக்கட்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவள்தான். ஆனால் எட்டாவது வரை போன உன் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், என் எழுத்து சட்டையில் வைத்த பட்டன் மாதிரி வரிசையாக நிற்கும். அத்தனை வருஷம் கம்பெனியில் பட்டன் தைத்த கை இது.

விஷயம் என்னவென்றால், நம் கட்டிடத்துக்காரர் காலமாகிவிட்டார். மகன் விற்கப்போகிறான். வாங்குகிறவர்கள் இதை இடித்துவிட்டு முழுக்கக் கண்ணாடியில் கட்டுவார்களாம். பன்னிரண்டு வீட்டில் மூன்று வீட்டுக்காரர்கள் அவன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போயேபோய்விட்டார்கள். போகும்போது மூன்று பேரும் என் கண்ணைப் பார்க்கவில்லை.

குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு பெண் சைக்கிளில் வருகிறாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுவாள். அதனால் நாங்கள் ஹெல்மெட்காரி என்றே வைத்துவிட்டோம். அவள் சொல்வது இது: கட்டிடம் விற்பனைக்கு வந்தால் அதில் குடியிருக்கிறவர்களுக்குத்தான் முதல் உரிமை. ஒன்பது வீடாவது சேர்ந்து நின்றால் நாமே வாங்கலாம். சங்கம் கடன் ஏற்பாடு செய்யும், நாம் வாடகை கட்டுகிற மாதிரியே கட்டிக்கொண்டு வரலாம். ஒன்பதுக்கு ஒன்று குறைந்தாலும் கிடையாது. மிச்சமிருப்பது சரியாக ஒன்பது. அதில் ஒன்று உன்னுடையது.

கூட்டம் போட யார் வீட்டிலும் இடமில்லை. அதனால் மாடிப்படியில்தான். அவரவர் மாடியில் அவரவர் படியில் உட்கார்ந்துகொள்வது. கையைத் தூக்கினால் யாருக்கும் தெரியாது. இரண்டாம் மாடிக் கொத்தனார் ஒரு வழி சொன்னார். "வீட்டுக்கு ஒரு கரண்டி எடுத்துட்டு வாங்க. சம்மதம்னா கைப்பிடியில ஒரு தட்டு." கைப்பிடி கீழேயிருந்து மொட்டைமாடி வரை ஒரே இரும்பு அல்லவா? யார் தட்டினாலும் எல்லார் உள்ளங்கையிலும் அதிர்கிறது.

"வாங்கலாமா?" என்று ஹெல்மெட்காரி கீழேயிருந்து கேட்டாள். ஒவ்வொன்றாகத் தட்டு ஏறிவந்தது. நான் என் கரண்டியால் ஒன்று தட்டினேன். உன் வீட்டுச் சாவி என்னிடம்தானே இருக்கிறது? உன் பெரிய கரண்டியை எடுத்துவந்து இன்னொன்று தட்டினேன். உன்னுடையது கனம், சத்தமே வேறு. ஒன்பது என்று எண்ணிக்கொண்டார்கள்.

சாயங்காலமானால் உன் வீட்டில் விளக்குப் போடுகிறேன். ஆள் இல்லாத வீடு என்று எவனும் சொல்லிவிடக்கூடாது பார். காலையில் எழுந்ததும் நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சமையலறைச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டிவிடுகிறேன். நீ அந்தப் பக்கம் இல்லை என்று தெரியும். கைக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் என்று சொல்லிப் போனவள் நீ. இப்போது வருஷம் தாண்டியாயிற்று. நான் ஒன்றும் கேட்கவில்லை. சொன்னேன், அவ்வளவுதான்.

அண்ணி

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கை வலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? தனியாக இருக்கிறோமே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். உங்களை எனக்குத் தெரியும்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கரண்டி சமாசாரத்தில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் கரண்டிக்கு ஓட்டு இருக்கிறது என்று பேரனிடம் சொன்னேன். "ஸ்பூனுக்கா பாட்டி?" என்று விழித்தான்.

இங்கே ஒரு குறையும் இல்லை. என் கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருக்கிறார்கள். எதிரே பஸ் நிற்கும் இடம். தினமும் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு டிரைவரைத் திட்டுவான். டிரைவருக்குக் கேட்காது, எனக்கும் கேட்காது, வாய் மட்டும் அசையும். காபியைப் பேரன் கையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறான். ராணி மாதிரி இருக்கிறேன் போங்கள்.

அண்ணி, நம் படி நிஜமாகவே அவ்வளவு செங்குத்தா, இல்லை எனக்குத்தான் ஞாபகத்தில் அப்படி ஆகிவிட்டதா? இரண்டாம் மாடி வளைவில் கைப்பிடி கொஞ்சம் ஆடுமே, சரிசெய்துவிட்டார்களா?

விளக்குப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். எந்த விளக்கு? முன்னறையா, சமையலறையா? தெருவிலிருந்து பார்த்தால் தெரியுமா?

கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அனுப்புங்கள், போடுகிறேன். வெயில் வந்ததும் வந்துவிடுவேன்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். முழங்கையும் நலம். நீ ராணியாக இருப்பதில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்.

முன்னறை விளக்கைத்தான் போடுகிறேன். தெருவிலிருந்து தெரியும். இறங்கிப்போய் நின்று பார்த்தேன். உன் ஜன்னலில் வெளிச்சம், என் ஜன்னல் இருட்டு. என் வீட்டு விளக்கைப் போட மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

சிரிக்காமல் கேள். வீட்டுக்காரர் மகன் ஒரு மேனேஜரை அனுப்பினான். வந்தவன் உன் கதவைத் தட்டிவிட்டு என்னிடம் வந்தான்.

"பக்கத்து வீட்ல யாரும் இல்லையாமே?"

"யார் சொன்னா? இப்பதான் கடைக்குப் போனா."

"மூணு தடவை வந்துட்டேம்மா. மூணு தடவையும் கடைக்குத்தான் போயிருக்காங்க."

"அவளுக்கு மறதி ஜாஸ்தி. ஒண்ணை வாங்கினா ஒண்ணை விட்டுட்டு வருவா."

ஆள் இருக்கிற வீடு என்று தெரிய வேண்டுமே என்று தினமும் உன் கொடியில் துணி காயப்போட்டு வந்தேன். நீ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய், அந்த நீலப் பூப்போட்ட நைட்டி ஒன்றுதான் அலமாரியில் இருந்தது. அதைத்தான் நனைத்து நனைத்துப் போட்டேன். அவன் கொடியைப் பார்த்தான், கையில் இருந்த போனைப் பார்த்தான். போனில் மூன்று நாள் படம் எடுத்து வைத்திருக்கிறான்!

"ஏம்மா, இந்த நைட்டியைத் தினமும் துவைக்கிறாங்க சரி. போட்டுக்கவே மாட்டாங்களா?"

அவன் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனான். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை.

கீழே வாசலை ஒட்டின வாட்ச்மேன் அறையில் ஒரு தையற்காரி இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிறாளே, உனக்குப் பாவாடைக்கு நாடா வைத்துக் கொடுத்தவள், அவளுக்கு இது தெரிந்துவிட்டது. தன் துணியில் நான்கை மடித்து எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறிவந்தாள். "மாத்தி மாத்திப் போடுங்க அக்கா. பொய் சொன்னாலும் அளவெடுத்துச் சொல்லணும்." அவளுக்குக் கூட்டத்தில் கரண்டி கிடையாது. வாட்ச்மேன் அறை வீட்டுக் கணக்கில் வராதாம். கட்டிடத்தை இடித்தால் முதலில் தெருவுக்கு வருகிறவள் அவள்தான். தட்டும்போது மட்டும் கைப்பிடியின் அடியில் கையை வைத்துக்கொண்டு நிற்பாள்.

என் பேத்தி நீச்சல் போட்டியில் முதலாவதாக வந்த படம் வந்திருக்கிறது. மாடி மாடியாகக் காட்டியாயிற்று. கொத்தனார் மனைவி, "மூக்கு உங்க மூக்கும்மா" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குக் கண் நல்ல கண்.

நைட்டியில் பூ வெளுத்துவிட்டது. நீ வந்தால் திட்டாதே.

அண்ணி

மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்க வேண்டாம். எழுத்து கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், சோம்பேறித்தனம்.

நைட்டிக் கதையைப் படித்துச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. மருமகள் ஓடிவந்து முதுகைத் தடவினாள். நல்ல பெண் அண்ணி. காலையில் எல்லோரும் கிளம்பும்போது தண்ணீர், பிஸ்கட், ரிமோட் எல்லாவற்றையும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறாள். அவர்கள் திரும்ப சாயங்காலம் ஆகும். கதவு சாத்துகிற சத்தத்துக்குப் பிறகு ஃபிரிட்ஜ் மட்டும்தான் பேசும்.

பச்சைக் கோட்டுக்காரனைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டானோ என்னவோ.

பேத்தி கெட்டிக்காரி. மூக்கு அண்ணனுடையது. உங்களுடையது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விளக்கை மறக்காமல் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலம். நலமறிய ஆவல். வெயில் வந்துவிட்டது. நீ எழுதியிருந்தாயே என்று ஞாபகப்படுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மறுபடி கரண்டி தட்டினோம். ஹெல்மெட்காரி கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எல்லோரும் கலைந்த பிறகு மேலே ஏறிவந்தாள். முதல் தடவையாக ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே பார்த்தால் சின்னப் பெண்.

"அம்மா, மூணாம் மாடியிலேர்ந்து ரெண்டு சத்தம் வருது. கரண்டிதான் வேற. கை ஒண்ணு."

பக்கத்து வீட்டுக்காரி என் நாத்தனார், அவள் கை என் கை மாதிரி என்றேன்.

"எனக்குப் புரியுதும்மா. வீட்டைக் கணக்கெடுக்க வர்ற அதிகாரிக்குப் புரியாது. அவர் கதவைத் திறந்து பார்ப்பார். ஒரு வீடு பொய்னு தெரிஞ்சா ஒன்பது வீடும் போயிடும்."

அந்த மேனேஜரிடம் போனில் படம் வேறு இருக்கிறதே. நான் புத்திசாலித்தனம் என்று செய்தது எல்லோர் கழுத்துக்கும் கத்தியாக நிற்கிறது.

இரண்டு வழி இருக்கிறதாம். மே மாதம் முடிவதற்குள் நீ வந்து இங்கே குடியிருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். அப்போது தையற்காரி பிள்ளைகளோடு அங்கே வந்துவிடலாம். ஒன்பதாவது வீடு நிஜமான வீடாகிவிடும்.

இரண்டுக்கும் காகிதம் இதோடு வைத்திருக்கிறேன். நான் வா என்று எழுத மாட்டேன். யாரையும் வா என்று கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. பெற்ற மகனையே கூப்பிட்டதில்லை. அவன் வாரத்துக்கு ஒருமுறை போனில் "இங்க வந்துடேம்மா" என்பான், "பார்க்கலாம்" என்பேன். உன் இஷ்டம். யோசித்துச் செய்.

அண்ணி

ஏப்ரல் 28

நாத்தனாருக்கு,

பதில் இல்லை. தபால் பெட்டி கீழே இருக்கிறது, தினமும் இறங்கி ஏறுகிறேன். தையற்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மிஷினை மிதிக்கிறாள். அவள் கேட்க மாட்டாள். கேட்டால் உன் வீட்டைக் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று பயம். ஒருநாள் போன் செய்தேன். நீ தூங்குவதாக உன் மருமகள் சொன்னாள். பகலில் எப்போது நீ தூங்கியிருக்கிறாய்?

அந்த ஜன்னலும் பஸ்ஸும் போதும் என்றால் போதும் என்று எழுதிவிடு. அதற்கொரு பேனா கூடவா அந்த வீட்டில் இல்லை? ஒன்பது குடும்பம் மூட்டை கட்டுவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறது.

நலமா என்று கேட்கவில்லை. ராணி நலமாகத்தான் இருப்பாய்.

அண்ணி

மே 9

அன்புள்ள அண்ணிக்கு நமஸ்காரம்.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். கோபம் தீர்ந்து படியுங்கள்.

டிசம்பரில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். இடுப்பில் எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆயிற்று. மார்ச்சில் நடக்க ஆரம்பித்து, ஏப்ரலில் உள்ளே வைத்த கம்பி விலகி மறுபடி ஆஸ்பத்திரி. உங்கள் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. போன் செய்தால் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். மருமகளைத் திட்டாதீர்கள். இப்போது வாக்கர் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை போவேன். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்போது ஏறலாம் என்று கேட்டேன். அவர் என் மகனைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்க்கவில்லை.

விட்டுக்கொடுக்கிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தையற்காரி வரட்டும். சமையலறைக் குழாயை இடதுபக்கம் ஒரு அமுக்கு அமுக்கித் திருப்பினால்தான் சொட்டாது, சொல்லுங்கள். அவள் மிஷினை முன்னறை ஜன்னல் கீழே போட்டால் மதியம் வரை வெளிச்சம் இருக்கும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். உங்களைப் பயப்படுத்த வேண்டாம் என்றுதான் என்று எழுதலாம். அது முழு உண்மை இல்லை. இங்கே சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும், வீட்டில் யாரும் வந்திருக்க மாட்டார்கள், எழுந்து சுவிட்சைப் போட என்னால் முடியாது. அந்த நேரத்தில், இப்போது அண்ணி அங்கே என் வீட்டு விளக்கைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இனிமேல் வர மாட்டேன் என்று தெரிந்தால் நீங்கள் நிறுத்திவிடுவீர்களோ என்றுதான் சொல்லவில்லை.

உங்கள் நாத்தனார்

மே 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

காகிதத்தை அன்றைக்கே ஹெல்மெட்காரி வாங்கிக்கொண்டு போனாள். தையற்காரி வந்துவிட்டாள். கொத்தனாரும் முதல் மாடி பஸ் கண்டக்டரும் மிஷினைத் தூக்கி வந்தார்கள். ஜன்னல் கீழேதான் போட்டிருக்கிறாள். உன் சாமான்கள் என் வீட்டில் பத்திரம். பெரிய கரண்டியை மட்டும் அவளிடம் கொடுத்தேன். அந்த வீட்டுக்கு என்று ஒரு சத்தம் இருக்கிறது, அது மாறக்கூடாது.

அதிகாரி வந்தார். மேனேஜரும் பின்னாலேயே வந்தான். அதிகாரி உன் வீட்டுக் கதவைத் தட்டினார். தையற்காரி வாயில் ஊசியோடு திறந்தாள். அவளுடைய சின்னப்பெண் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தது. கொடி நிறையத் துணி. மேனேஜர் கொடியையே பார்த்தான். "என்ன சார், நைட்டி தேடறீங்களா?" என்று கேட்டேன். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒன்பது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

நேற்றுக் காலை பழக்கத்தில் சமையலறைச் சுவரைத் தட்டிவிட்டேன். தையற்காரி அரைகுறைத் தூக்கத்தில் ஓடிவந்தாள். "என்னக்கா, கூப்பிட்டீங்களா?" கரப்பான்பூச்சி அடித்தேன் என்றேன். "ரெண்டு அடி கேட்டுச்சே." இரண்டு கரப்பான்பூச்சி என்றேன். போய்விட்டாள்.

அவர்கள் வீட்டு விளக்கை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். சாயங்காலம் அந்த நேரத்துக்கு எனக்கு வேலை இல்லை. சும்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு சாவியையும் கொடுத்துவிட்டேன்.

போன கடிதத்தில் நலமா என்று கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கிறேன். நலமா?

அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தான் அண்ணி. நீங்கள் கேட்டதே போதும்.

மகன் ஒரு விளக்கு வாங்கி மாட்டியிருக்கிறான். இருட்டினால் தானாக எரிகிறது. இருட்டில் இருப்பதை நான் அவனிடம் சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. நல்லவன்தான். அந்த விளக்கு எரிகிறபோது யாரும் போட்டதாகத் தெரியவில்லை, அதுதான்.

பச்சைக் கோட்டுக்காரன் திரும்பி வந்துவிட்டான். இன்றைக்கும் பஸ்ஸைத் தவறவிட்டான். ஜன்னல் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினேன். நிமிர்ந்து பார்த்தான். எந்த ஜன்னல் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வாட்ச்மேன் அறையில் இப்போது யார் இருக்கிறார்கள்?

உங்கள் நாத்தனார்

செப்டம்பர் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

நான் நலம். நீ நடக்கிறாயா? ஜன்னலுக்கு அப்பால் போகிறாயா?

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதும்போது முழுசாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

கட்டிடம் நம்முடையதாகிவிட்டது. பத்திரம் ஒன்பது வீடும் சேர்ந்து வைத்த சங்கத்தின் பேரில். தனித்தனியாக எவர் பேரிலும் இல்லை. அதற்குக் கண்டக்டர் கடைசிவரை முரண்டு பிடித்தார். "நம்ம பேர்ல இருந்தா நாளைக்கு நல்ல வெலைக்குத் தள்ளலாமே?" ஹெல்மெட்காரி, "நீங்க தள்ளிட்டா அடுத்து உங்க மாதிரி ஒருத்தர் இங்க வாடகைக்கு வர முடியாது சார்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தையற்காரி மேலேயிருந்து எட்டிப்பார்த்தாள். "அண்ணே, தள்ளிட்டு நீங்க எங்க போவீங்க?" பிறகு கைப்பிடியில் ஒரு தட்டுக் கேட்டது. கண்டக்டர் கரண்டிதான். கோணல் கரண்டி, எனக்குத் தெரியும்.

வாட்ச்மேன் அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலியாக இருந்தது. ஸ்கூட்டர் நிறுத்தலாம் என்று கண்டக்டர் சொன்னார். நல்ல யோசனை என்று நாலு பேர் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அதைத் தட்டி முடித்துவிடலாம் என்று கூட்டம்.

நான் எழுந்து நின்றேன். மூன்றாம் மாடியில் நின்றால் யாருக்குத் தெரியும்? அதனால் இறங்கிப் போனேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கிற படி வழியாக, காலை ஒதுக்கச் சொல்லிச் சொல்லி, கீழே வாசலுக்குப் போய் நின்றேன். ஆயுசில் யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லை என்று உனக்குத் தெரியும். உன் அண்ணன் போன அன்றைக்குக் கூட எவரிடமும் தோள் கேட்கவில்லை.

"என் நாத்தனாருக்குப் படி ஏற முடியாது. அவ விட்டுக்குடுத்ததாலதான் இந்தக் கட்டிடம் நிக்குது. இந்த அறை அவளுக்கு வேணும். எனக்காகக் கேக்கறேன்" என்றேன்.

கண்டக்டர், "அவங்க வர்றேன்னு சொல்லிட்டாங்களாம்மா?" என்றார்.

"நான் இன்னும் கேக்கல" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஹெல்மெட்காரி, தட்டுங்கள் என்றாள். கைப்பிடியின் அடியில், தையற்காரி வழக்கமாக நிற்பாளே, அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து கனமாக ஒன்று வந்தது. உன் பெரிய கரண்டி. உன் வீட்டிலிருந்துதான் முதல் தட்டு. பிறகு கொத்தனார். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. கோணல் கரண்டி கடைசியில் வந்தது. என் கரண்டி மேலேயே இருந்துவிட்டது. வளையலால் தட்டினேன்.

அறை அரண்மனை இல்லை. ஒரு ஜன்னல், முற்றத்தைப் பார்த்து. பஸ் தெரியாது. ஆனால் போகிறவர் வருகிறவர் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும், நீ திட்டினால் அவர்களுக்குக் கேட்கும். வாசலில் இருந்த ஒரு படியைக் கொத்தனார் சிமென்ட் பூசிச் சரிவாக ஆக்கிவிட்டார். வாக்கர் ஏறுமா என்று தையற்காரியின் பெண்கள் நாற்காலியை உருட்டிப் பார்த்தார்கள். ஏறியது. குளியலறையில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி. தரையைச் சொரசொரப்பாகப் போடச் சொன்னேன். கொத்தனார், "இதுக்கு மேல சொரசொரப்பாப் போட்டா கால் தேஞ்சிடும்மா" என்கிறார்.

பொதுச் சுவர்தான் கிடையாது. நீ கீழே, நான் மூன்றாம் மாடியில். ஆனால் கைப்பிடி உன் கதவுக்குப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. விடிந்ததும் கொத்தனாரைக் கீழே நிற்கவைத்து இரண்டு தட்டுத் தட்டச் சொன்னேன். நான் என் வாசலில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வந்தது. மூன்று மாடியும் ஏறி, சத்தமாக இல்லை, உள்ளங்கையில் கொஞ்சம் நடுக்கமாக, வந்தது.

இன்றைக்குச் சாயங்காலம் அந்த அறையில் விளக்குப் போட்டுவிட்டு, அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உன் மகன் சம்மதிக்க மாட்டான், டாக்டர் ஏதாவது சொல்வார், உனக்கே அந்த வீட்டில் பேரன் இருக்கிறான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான், ஜனவரியிலிருந்து எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்ததை எழுதுகிறேன். எப்படி எழுதினால் அழகாக இருக்கும் என்று நிறைய யோசித்தேன். அஞ்சாம் வகுப்புவரை சொல்லிக்கொடுத்ததில் அதற்கு ஒரே ஓர் எழுத்துதான் இருக்கிறது.

வா.

அண்ணி